கல் விழுந்த கதை

வேகத்துக்கும் திசைவேகத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டதும் பேந்தப் பேந்த விழிக்கும் பையனை பெஞ்சு மேல் ஏற்றுவது நம் பள்ளிக்கூடங்களின் பழைய சம்பிரதாயம். ஏற்றுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே! அவனுக்கு முன்னால் அரிஸ்டாட்டில் ஏற வேண்டும். அவருக்குப் பக்கத்தில் டெகார்த். தாடியும் அங்கியுமாக கலிலியோவும் கொஞ்ச காலம் அங்கே நின்றாக வேண்டும். பெஞ்சு தாங்குமா என்பது தச்சரின் கவலை.

விஷயம் மூன்றே வரி. எவ்வளவு விரைவாக இடம் மாறுகிறது என்பது வேகம். எந்தப் பக்கமாக என்பதையும் சேர்த்துச் சொன்னால் திசைவேகம். அந்தத் திசைவேகம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பது முடுக்கம். இந்த மூன்று வரியை எழுத மனித குலத்துக்குச் சுமார் இரண்டாயிரம் வருடம் ஆனது. அத்தனை வருடமும் கல் விழுந்துகொண்டுதான் இருந்தது. பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். கோளாறு எங்கே என்றால், கண்ணுக்குத் தெரிவது பொருள் இப்போது எங்கே இருக்கிறது என்பது மட்டும். மற்றதெல்லாம் கணக்குப் போட்டுத்தான் தெரிய வேண்டும். அதிலும் முடுக்கம் என்பது மாற்றத்தின் மாற்றம். நேற்றுப் போட்ட கணக்கின் மேல் இன்னொரு கணக்கு.

முதல் குண்டைப் போட்டவர் ஜீனோ. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு, எலியா ஊர்க்காரர். பறக்கும் அம்பை ஒரு கணத்தில் பார். அந்தக் கணத்தில் அது ஓர் இடத்தில் சும்மா இருக்கிறது. எல்லாக் கணத்திலும் அப்படித்தானே, பிறகு எப்போது நகர்கிறது என்று கேட்டுவிட்டார். கேட்கும்போது சிரிப்பு வரும். பதில் சொல்லப் போனால் வராது. 'இந்தக் கணத்தில் வேகம்' என்ற ஒன்றுக்கு என்ன அர்த்தம் என்பதுதான் கேள்வி. ஸ்பீடாமீட்டர் முள் காட்டுவது அதைத்தான். அதற்கு ஒழுங்கான பதில் வர நியூட்டன் காலம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அடுத்து அரிஸ்டாட்டில். மகா அலெக்சாந்தருக்கே வாத்தியார். கனமான பொருள் வேகமாக விழும், பத்து மடங்கு கனமென்றால் பத்து மடங்கு வேகம் என்றார். எறிந்த கல் கையை விட்ட பிறகும் ஏன் போகிறது? பின்னாலிருந்து காற்று தள்ளுகிறது என்றார். காற்றின் வேலை தடுப்பது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, அவர் அதைத் தள்ளுவண்டி வேலைக்கு அமர்த்திவிட்டார். ஒரு விஷயத்தில் அவருக்காகப் பேசலாம்: இலையும் கல்லும் விழுவதை மட்டும் பார்ப்பவன் வேறு எந்த முடிவுக்கு வருவான்? தண்ணீரிலும் எண்ணெயிலும் போட்டுப் பார்த்தால் கனமானதுதான் முதலில் அடியைத் தொடுகிறது. அவர் பார்த்ததில் பெரிய தப்பில்லை. ஒன்று போல இருக்கும் இரண்டு கற்களில் பெரியது ஒன்று, சிறியது ஒன்று எடுத்துக்கொண்டு மாடி ஏறவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. கிரேக்கர்களுக்குத் தூரத்தை நேரத்தால் வகுக்கத் தெரியாது. தெரியாது என்பதைவிட, மாட்டோம் என்றார்கள். விகிதம் என்றால் ஒரே இனத்துக்குள்: தூரத்துக்குத் தூரம், நேரத்துக்கு நேரம். தூரத்தை நேரத்தால் வகுப்பது அவர்கள் கணிதத்தில் கலப்பு மணம். ஆகவே 'மணிக்கு இத்தனை' என்ற எண் பிறக்கவே இல்லை. 'ஒரே நேரத்தில் இவன் அவனைவிட அதிக தூரம் போனான்' என்று சொல்லலாம். அதற்கு மேல் பேச்சில்லை. வேகத்துக்கே எண் இல்லாத ஊரில் முடுக்கத்தைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பது?

ஆனாலும் அதே பள்ளிக்கூடத்தில் ஒரு மனிதர் கண்ணைத் திறந்து வைத்திருந்தார். லாம்ப்சாக்கஸ் ஊர் ஸ்ட்ராட்டோ, அரிஸ்டாட்டிலுக்குப் பிறகு அவர் கல்விக்கூடத்தைத் தலைமை தாங்கியவர்களில் இரண்டாமவர். கூரையிலிருந்து ஒழுகும் மழைநீரைக் கவனித்தார். மேலே ஒரே தாரையாக இருக்கிறது. கீழே வரவர அறுந்து துளித்துளியாகிறது. முன்னால் போகும் நீர் பின்னால் வருவதைவிட வேகமாக ஓடினால் ஒழிய இடைவெளி ஏன் விழ வேண்டும்? விழ விழ வேகம் கூடுகிறது! ஒரு மழை நாளில் தாழ்வாரத்தில் நின்று முடுக்கத்தைக் கண்டுபிடித்தாயிற்று. உலகம் கொட்டாவி விட்டுவிட்டு அரிஸ்டாட்டிலிடமே திரும்பிப் போனது.

ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் ஜான் ஃபிலோப்போனஸ் என்பவர் ஒன்றைவிட ஒன்று பல மடங்கு கனமான இரண்டு எடைகளைப் போட்டுப் பார்த்து, தரையைத் தொடும் நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லையே என்று எழுதிவைத்தார். அவர் இறந்து ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு திருச்சபை அவரைச் சபித்தது. கல் போட்டதற்காக இல்லை, பாவம். கடவுளைப் பற்றி எழுதியதற்காக. ஆனால் சபிக்கப்பட்டவரின் புத்தகத்தில் இயற்பியல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று யார் புரட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

இனி ஆக்ஸ்ஃபோர்டு. பதினாலாம் நூற்றாண்டின் முற்பாதி, மெர்ட்டன் கல்லூரி. பிராட்வார்டீன், ஹேய்ட்ஸ்பரி, ஸ்வைன்ஸ்ஹெட், டம்பிள்டன் என்று நாலு பேர். இவர்களுக்குக் கணக்கர்கள் என்றே பெயர். இவர்கள் கணக்குப் பார்த்தது கல்லையும் பந்தையும் இல்லை. ஒரு மனிதனுக்குள் இறையன்பு கூடுகிறதே, அது எப்படிக் கூடுகிறது, கொஞ்சம் கொஞ்சமாகவா, சீராகவா என்பது அந்தக் காலத்து இறையியலின் பெரிய சர்ச்சை. அன்பு கூடுவதற்கு ஒரு கணக்கு இருந்தால் சூடு கூடுவதற்கும் அதே கணக்குதான், வெள்ளை வெளுப்பதற்கும் அதே கணக்குதான், ஓட்டத்தின் வேகம் கூடுவதற்கும் அதே கணக்குதான் என்று போட ஆரம்பித்தார்கள். முடுக்கம் நம் வீட்டுக்கு வந்தது கோயில் பிரசாதத்தோடு.

ஹேய்ட்ஸ்பரி 1335இல் எழுதிய தர்க்கப் புத்தகத்தில் எல்லாம் கச்சிதமாக இருக்கிறது. சம நேரங்களில் சம அளவு வேகம் கூடினால் அது சீரான முடுக்கம். ஒரு கணத்தின் வேகம் என்றால் என்ன? அந்த வேகத்திலேயே மாறாமல் கொஞ்ச நேரம் போயிருந்தால் எவ்வளவு தூரம் போயிருக்குமோ அது. ஜீனோவுக்குப் பாதி பதில்! அப்புறம் அவர்களுடைய தங்கப் பதக்கத் தேற்றம்: சீராக வேகமெடுக்கும் பொருள், நடு வேகத்தில் மாறாமல் போகும் பொருள் கடக்கும் அதே தூரத்தைத்தான் கடக்கும். நின்ற இடத்திலிருந்து சீராக மணிக்கு 60 கிலோமீட்டர் வரை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டால், போயிருக்கும் தூரம் 30 கிலோமீட்டர். பத்தாம் வகுப்புச் சூத்திரங்களில் பாதி இதற்குள் சுருண்டு படுத்திருக்கிறது.

இவ்வளவையும் அவர்கள் யாரை ஓடவிட்டுச் சோதித்தார்கள் தெரியுமா? சாக்ரடீஸை. தர்க்கப் புதிர்களில் 'சாக்ரடீஸ் ஓடுகிறார், பிளேட்டோ அவரைவிட வேகமாக ஓடுகிறார்' என்று எழுதுவது அந்தக் கால வழக்கம். விஷம் குடித்துச் செத்துப்போய்ப் பதினேழு நூற்றாண்டு ஆன மனிதரை ஆக்ஸ்ஃபோர்டு முழுக்க ஓட ஓட விரட்டினார்கள். நிஜமான ஒரு பொருளைக் கையில் எடுத்து, ஜன்னல் வழியே கீழே போட்டு, அதன் வேகமும் இந்தக் கணக்குப்படிதான் கூடுகிறதா என்று பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பிராட்வார்டீன் 1349இல் கான்டர்பரி பேராயர் ஆனார். சில வாரங்களில் பிளேக் அவரைக் கொண்டுபோய்விட்டது.

பாரிஸில் நிக்கோல் ஒரேம் இதையே படமாக வரைந்தார். கிடைக்கோட்டில் நேரம், அதன் மேல் செங்குத்தாக வேகம். சீராக முடுக்கினால் முக்கோணம். நடு வேகத்தில் போனால் செவ்வகம். இரண்டுக்கும் பரப்பு சமம், ஆகவே தூரமும் சமம். நிரூபணம் முடிந்தது, சாப்பிடப் போகலாம். வரைபடம் என்றால் டெகார்த் என்று நினைக்கிறோம்; இது அவருக்கு மூன்று நூற்றாண்டு முந்திய சமாச்சாரம். ஒரேமும் கல்லைப் போட்டுப் பார்க்கவில்லை. பிஷப் ஆகிவிட்டார்.

ஸ்பெயினில் டொமிங்கோ டி சோட்டோ என்ற டொமினிக்கன் துறவிதான் 1550ஐ ஒட்டி, சீராக முடுக்கும் இயக்கத்துக்கு உதாரணம் தேடியபோது 'இதோ, மேலிருந்து விழும் பொருளைப் போல' என்று போகிற போக்கில் எழுதினார். இயற்பியலின் மிகப் பெரிய வாக்கியங்களில் ஒன்று. உப்பு இருக்கிறது, புளி இருக்கிறது என்று சமையலறைக் கணக்குச் சொல்வது போல் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டார். அவரும் கவனிக்கவில்லை, மற்றவர்களும் கவனிக்கவில்லை.

கடைசியில் டெல்ஃப்ட் நகரத்தில் இரண்டு பேர் மாடி ஏறினார்கள். சைமன் ஸ்டெவின் என்ற பொறியாளர், அவர் நண்பர் யான் டி குரோட். கையில் இரண்டு ஈயக் குண்டுகள், ஒன்று மற்றதைவிடப் பத்து மடங்கு கனம். முப்பதடி உயரம். கீழே ஒரு பலகை. அரிஸ்டாட்டில் சொன்னபடி என்றால் ஒன்று விழுந்தபோது மற்றது மூன்றடிதான் வந்திருக்க வேண்டும். 'டக்' என்று ஒரே சத்தம் கேட்டது. கண்ணை நம்பாமல் காதை நம்பியதுதான் ஸ்டெவினின் புத்திசாலித்தனம். 1586இல் அச்சிலும் போட்டார். டச்சு மொழியில். ஐரோப்பியப் பண்டிதர்கள் லத்தீனில் மட்டுமே அதிர்ச்சி அடைவார்கள் என்பதால் யாரும் அதிர்ச்சி அடையவில்லை.

இப்போது கலிலியோவுக்கு வருவோம். 1564இல் பீசாவில் பிறந்தவர். அப்பா வின்சென்சோ லூட் வாசிக்கும் சங்கீத வித்வான். பிள்ளை டாக்டராக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அந்த ஆசைக்கு நாடு, மொழி, காலம் எதுவும் கிடையாது போலும். பிள்ளை பட்டம் வாங்காமலே வெளியே வந்து, 1589இல் அதே பீசா பல்கலைக்கழகத்தில் கணித வாத்தியார் ஆனார். வருடத்துக்கு 60 ஸ்கூடி சம்பளம். அங்கே மருத்துவப் பேராசிரியர் ஒருவருக்கு 2,000. அப்பா சொன்னதைக் கேட்டிருக்கலாம். பேராசிரியர்கள் எந்நேரமும் அங்கி போட்டுத் திரிய வேண்டும் என்ற விதியைக் கிண்டல் செய்து ஒரு நீண்ட கவிதையும் எழுதினார். ஆக, சக ஊழியர்களிடம் செல்வாக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

சாய்ந்த கோபுரத்துக் கதைதான் எல்லோருக்கும் தெரியுமே. பேராசிரியர்களும் மாணவர்களும் கூடி நிற்க, மேலிருந்து குண்டுகளைப் போட்டார் என்பது அவருடைய கடைசிக் கால சீடர் விவியானி எழுதியது. கலிலியோ தாம் எழுதியதில் எங்கேயும் இப்படிப் பீசா கோபுரத்தைச் சொல்லவில்லை. அந்தக் கோபுரத்திலிருந்து பொருள்களைப் போட்டதாகச் சொன்ன வேறு ஆட்கள் உண்டு. 1612இல் கோரேசியோ என்பவர் போட்டார். அரிஸ்டாட்டில் சொன்னதுதான் சரி என்று நிரூபித்துவிட்டதாக அறிவித்தார்! 1641இல் ரெனியேரி போட்டார். கனமானது சற்று முன்னால் வந்தது என்று கலிலியோவுக்கே கடிதம் எழுதினார். காற்றின் தடை இருக்கும்போது வரத்தானே செய்யும்.

கலிலியோவும் இளவயதில் ஏதோ உயரத்திலிருந்து போட்டுப் பார்த்திருக்கிறார் என்பதற்கு நல்ல சாட்சி, அவருடைய ஒரு விசித்திரமான குறிப்பு. மரக் கட்டையையும் ஈயத்தையும் ஒன்றாகக் கீழே விட்டால் ஆரம்பத்தில் மரம்தான் முந்துகிறது, பிறகு ஈயம் பிடித்து முந்திவிடுகிறது என்று எழுதினார். உளறல் என்றுதான் பல காலம் நினைத்தார்கள். பிற்காலத்தில் தாமஸ் செட்டில் என்ற வரலாற்றாசிரியர் ஆளை வைத்துச் செய்து பார்த்தார். கனமான குண்டை இறுகப் பிடித்திருக்கும் கை, இரண்டையும் ஒன்றாகத்தான் விட்டேன் என்று அதன் சொந்தக்காரன் சத்தியம் செய்தாலும், ஒரு துளி தாமதமாகத்தான் திறக்கிறது. கலிலியோ பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறார். பொய் சொன்னது கை.

நேரே விழும் பொருளைப் பிடிக்க முடியாது; வினாடியை நம்பகமாகக் காட்டும் கடிகாரம் கைக்குக் கிடைக்காத காலம். கலிலியோவின் மூளை இங்கேதான் வேலை செய்தது: விழுவதை மெதுவாக்கு. பலகையைச் சாய்த்து வை, குண்டை உருட்டு. சாய்மானம் குறையக் குறைய உருளல் நிதானமாகும், ஆனால் வேகம் கூடும் விதம் அதேதான். பன்னிரண்டு முழ நீளக் கட்டை, அதில் விரலளவு பள்ளம், பள்ளத்துக்குள் வழவழப்பாகத் தோல்தாள் ஒட்டியிருக்கிறது, அதில் நன்றாக உருண்டையான வெண்கலக் குண்டு. நேரம் பார்க்க ஒரு பெரிய தண்ணீர்ப் பாத்திரம். அடியில் மெல்லிய குழாய். குண்டு உருளும் வரை ஒழுகிய தண்ணீரைப் பிடித்துத் தராசில் நிறுத்தார். நேரத்தை எடை போட்டு வாங்கிய முதல் மனிதர் இவராகத்தான் இருக்க வேண்டும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா, கதை விடுகிறார் என்று இருபதாம் நூற்றாண்டில் அலெக்ஸாந்தர் கொய்ரே என்ற பெரிய வரலாற்றறிஞர் நக்கலடித்தார். அதே செட்டில், மாணவராக இருந்த காலத்தில், ஒரு பலகையையும் ஒரு பூந்தொட்டியையும் வைத்துக்கொண்டு 1961இல் செய்து காட்டிவிட்டார். கலிலியோ சொன்ன துல்லியம் வந்தது. கொய்ரேயிடம் பூந்தொட்டி இல்லை போலும்.

இதைவிட ருசியான ஒன்று, ஃப்ளாரன்ஸில் இருக்கும் கையெழுத்துக் கட்டில் அகப்பட்டது. ஸ்டில்மன் டிரேக் என்பவர் 1970களில் தோண்டியெடுத்த ஒரு தாளின் ஓரத்தில் எட்டு எண்கள்: 33, 130, 298, 526, 824, 1192, 1620, 2104. முதல் எண்ணை 4, 9, 16, 25, 36, 49, 64 ஆல் பெருக்கிப் பாருங்கள். 132, 297, 528, 825, 1188, 1617, 2112. கலிலியோவின் எண்கள் ஒன்றிரண்டு கூடவோ குறையவோ இருக்கின்றன, அதிகபட்சம் எட்டு. வீட்டில் உட்கார்ந்து எழுதிய எண்ணாக இருந்தால் அச்சாகப் பொருந்தியிருக்கும். பொருந்தாத அந்தச் சின்னப் பிசகுதான், இது நிஜமாக அளந்தது என்பதற்கு அத்தாட்சி. ஆனால் அரை வினாடி அரை வினாடியாக நேரத்தை இவ்வளவு சுத்தமாக எப்படி வெட்டினார்? டிரேக்கின் ஊகம்: பாட்டுப் பாடி. லூட்டில் மெட்டுகள் என்பவை கழுத்தைச் சுற்றிக் கட்டிய குடல் நரம்புகள், தளர்த்தி நகர்த்தலாம். அதைப் போலப் பலகையின் குறுக்கே நரம்புகளைக் கட்டி, குண்டு ஒவ்வொன்றிலும் 'டக்' என்று தட்டும்படி விட்டு, தாளத்தோடு தட்டு பொருந்தும் வரை நரம்புகளை நகர்த்தியிருப்பார். வித்வான் வீட்டுப் பிள்ளைக்குத் தாளம் பிசகினால் உடனே தெரியும். டாக்டராகவில்லை என்று வருத்தப்பட்ட வின்சென்சோ, தம்மை அறியாமலே பிள்ளைக்கு ஸ்டாப்வாட்ச் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

தூரம் நேரத்தின் இருமடிப்படி போகிறது. அடுத்தடுத்த சம நேரங்களில் கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்று ஒற்றை எண்களாகக் கூடுகிறது. இது கிடைத்தாயிற்று. இப்போது கலிலியோவை பெஞ்சு மேல் ஏற்ற வேண்டிய கட்டம். 1604 அக்டோபரில் வெனிஸிலிருந்த நண்பர் பாவ்லோ சார்ப்பிக்குக் கடிதம் எழுதினார். விதி சரி. காரணம் தப்பு. விழுந்த தூரத்துக்கு ஏற்ப வேகம் கூடுகிறது என்று எழுதிவிட்டார். இரண்டடி விழுந்தால் இரண்டு பங்கு வேகம், நாலடி விழுந்தால் நாலு பங்கு. கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! கொஞ்சம் யோசித்தால் வயிற்றைக் கலக்கும். கையில் இருக்கும் கல் விழுந்த தூரம் பூஜ்யம். ஆகவே வேகம் பூஜ்யம். வேகம் பூஜ்யமென்றால் நகராது. நகராவிட்டால் தூரம் பூஜ்யமாகவே இருக்கும். கையை எடுத்த பிறகும் கல் அந்தரத்தில் நின்று, 'விழவா வேண்டாமா' என்று கலிலியோவையே பார்க்கும். கூட வேண்டியது தூரத்தோடு இல்லை, நேரத்தோடு. இதைச் சரிசெய்ய அவருக்குச் சில வருடங்கள் ஆயின. ஆக்ஸ்ஃபோர்டு கணக்கர்கள் வரையறையாகவே எழுதி வைத்திருந்ததை, குண்டு உருட்டிக் கைவலி கண்டவர் தேடி அலைந்தார். அவர்களிடம் வரையறை இருந்தது, குண்டு இல்லை. இவரிடம் குண்டு இருந்தது.

மற்ற கதை தெரிந்ததே. 1633இல் விசாரணை, வீட்டுக் காவல். பூமி சுற்றுவதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்று தடை. சரி, கல் விழுவதைப் பற்றிப் பேசலாமே என்று பழைய தாள்களை எடுத்துத் தூசி தட்டினார். 'இரண்டு புதிய அறிவியல்கள்' 1638இல் ஹாலந்தின் லைடனில் அச்சானது. என் கையெழுத்துப் பிரதி அங்கே எப்படிப் போனதோ என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டார். அதற்குள் பார்வை போயிருந்தது.

அவர் முந்திய புத்தகத்தில், நூறு முழ உயரத்திலிருந்து குண்டு விழ 5 வினாடி ஆகும் என்று ஒரு எண் கொடுத்திருந்தார். அது கிட்டத்தட்ட மூன்றரை வினாடியில் முடிகிற சமாச்சாரம். போலோன்யாவிலிருந்த இயேசு சபைப் பாதிரியார் ரிச்சோலி இதைச் சும்மா விடவில்லை. கலிலியோவின் கட்சிக்கு எதிர்க்கட்சிக்காரர். தப்பைக் கண்டுபிடித்தே தீருவது என்று கிளம்பினார். முதலில் நம்பகமான ஊசல் வேண்டும். சரியாக வினாடிக்கு ஒரு தடவை ஆடுகிறதா என்று பார்க்க, ஒன்பது பாதிரியார்களை முறை போட்டு உட்கார வைத்து 24 மணி நேரம் எண்ணச் சொன்னார். நிற்கப் போகும்போது தட்டிவிட்டுக்கொண்டே, ராத்திரி முழுக்க. வர வேண்டியது 86,400. வந்தது 87,998. நீளத்தை மாற்றி இன்னொரு தடவை. 86,999. மறுபடி ஒரு தடவை எண்ணலாமா என்று கேட்டபோது பெரும்பாலோர் கழன்றுகொண்டார்கள். விஞ்ஞானத்துக்காக உயிரைக் கொடுத்தவர்களைப் பற்றிப் புத்தகம் போடுகிறார்கள். இந்த ஒன்பது பேருக்கும் ஒரு கால்வலித் தைலமாவது கொடுத்திருக்கலாம்.

பிறகு அசினெல்லி கோபுரத்தின் மேலேறி, குட்டி ஊசல்களை வைத்துக்கொண்டு, உருண்டைகளைப் போட்டார் ரிச்சோலி. கலிலியோவின் 5 வினாடி தப்பு என்று தெரிந்தது. ஆனால் 1, 3, 5, 7 அச்சு அசலாக வந்து நின்றது. எதிராளியின் எண் தப்பு, விதி சரி! வேறு யாராக இருந்தாலும் முதல் பாதியை மட்டும் ஊருக்குச் சொல்லியிருப்பார்கள். ரிச்சோலி நேரே கலிலியோவின் சீடர் கவாலியேரியிடம் போய், உங்கள் குரு சொன்னதுதான் சரி என்று சொல்லிவிட்டு வந்தார். 1651இல் எல்லாவற்றையும் அச்சிட்டார். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் இவர்தான். இவர் பெயரில் ஒரு பாடப்புத்தகப் படம்கூட இல்லை.

வேகம் முடிந்தது, முடுக்கம் முடிந்தது. திசை? அதைக் கோட்டைவிட்டவர் டெகார்த். பிரபஞ்சத்தில் உள்ள மொத்த இயக்க அளவு மாறாது என்றார். அளவு என்றால் பொருளின் பருமன் பெருக்கல் வேகம். வெறும் வேகம். எந்தப் பக்கம் போகிறது என்பது கணக்கில் கிடையாது. சம எடையுள்ள இரண்டு களிமண் உருண்டைகள் எதிரெதிராகச் சம வேகத்தில் வந்து மோதி ஒட்டி நின்றுவிட்டால், இவர் கணக்கில் பத்து ரூபாய் காணாமல் போகும். திசையைச் சேர்த்தால் ஐந்து வரவு, ஐந்து செலவு. முதலிலேயே பூஜ்யம், இப்போதும் பூஜ்யம். 1644இல் மோதலுக்கு ஏழு விதிகள் எழுதினார். நாலாவது: நிற்கும் பொருள் பெரியது, வரும் பொருள் சிறியது என்றால், எவ்வளவு வேகமாக வந்து மோதினாலும் பெரியதை அசைக்க முடியாது. ஒரு கேரம் போர்டு பார்த்திருந்தால்கூட இந்த விதி பிழைத்திருக்காது. அனுபவம் வேறு மாதிரி காட்டினாலும் புலன்களைவிடப் புத்தியைத்தான் நம்ப வேண்டும் என்று அதற்கும் முன்ஜாமீன் வாங்கி வைத்திருந்தார்.

ஹாலந்தில் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் என்ற இளைஞனுக்கு இது இடித்தது. தர்மசங்கடம் என்னவென்றால், டெகார்த் அவன் அப்பாவின் சிநேகிதர், வீட்டுக்கு வந்துபோனவர். அவனுடைய கணித குரு வான் ஸ்கூட்டனோ டெகார்த்தின் பரம பக்தர். வேண்டாம், அதில் கை வைக்காதே என்று தடுத்துப் பார்த்தார். பெரியவங்க சொன்னதுக்கு அப்பீல் ஏதுப்பா என்கிற அந்தக் குரல் டச்சு மொழியிலும் அப்படியேதான் ஒலித்திருக்கும்.

ஹைகன்ஸ் ஒரு படகை எடுத்தான். கால்வாயில் கரையோரமாகச் சீராகப் போகும் படகு. அதில் ஓர் ஆள் இரண்டு நூலில் இரண்டு சம குண்டுகளைத் தொங்கவிட்டு, சம வேகத்தில் எதிரெதிராக மோதவிடுகிறான். அவனுக்கு இரண்டும் சம வேகத்தில் எகிறித் திரும்புகின்றன. படகும் அதே வேகத்தில் போகிறது என்றால் கரையில் நிற்பவனுக்கு? ஒரு குண்டு சும்மா நிற்கிறது, மற்றது இரட்டை வேகத்தில் வந்து மோதுகிறது, மோதிய பின் வந்தது நின்றுவிட, நின்றது ஓடுகிறது. ஒரே மோதல், இரண்டு பார்வை. யார் பார்க்கிறார்கள் என்பதற்கேற்ப வேகம் மாறும். ஆனால் திசையைக் கூட்டல் கழித்தலாகச் சேர்த்துக்கொண்டால் கணக்கு இருவருக்கும் நேராகிவிடுகிறது. 1650களிலேயே எழுதி முடித்த புத்தகம், ஆள் போன பிறகு 1703இல்தான் வெளிவந்தது.

திசையைக் கணக்கில் சேர்த்ததும் ஒரு விபரீதம் நிகழ்ந்தது. வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் பொருள் திரும்புகிறது என்றால் திசைவேகம் மாறுகிறது. மாறினால் அது முடுக்கம். வட்டமாகச் சுற்றும் எதுவும், ஒரே வேகத்தில் சுற்றினாலும், ஓயாமல் முடுக்கப்படுகிறது! எத்தனை முடுக்கம் என்று ஹைகன்ஸ் 1659இல் கணக்குப் போட்டார். நியூட்டன் அதை நிலாவுக்குக் கொண்டுபோனார். நிலா பக்கவாட்டில் வினாடிக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர் ஓடுகிறது. அதே வினாடியில் பூமியை நோக்கி ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவாக விழுகிறது. அந்தச் சொற்பம்தான் அதன் பாதையை வளைத்துப் பிடித்து வைத்திருக்கிறது. அது இல்லாவிட்டால் நேர்கோட்டில் கிளம்பிப் போய்விடும், கவிஞர்கள் பாடு திண்டாட்டம். ஸ்டெவினின் ஈயக் குண்டும் நிலாவும் ஒரே தொழிலைத்தான் செய்கின்றன என்று 1687இல் அச்சில் வந்தது.

ஜீனோவின் கணக்கை முடித்த பெருமையில் நியூட்டனும் லைப்னிட்ஸும் அடித்துக்கொண்டார்கள். அது தனிக் குத்துச்சண்டை, இங்கே வேண்டாம். பாரிஸில் வாரினோன் என்பவர் சத்தமில்லாமல் 1700ஐ ஒட்டி, கணத்து வேகத்தையும் முடுக்கத்தையும் இன்று நாம் எழுதும் வகைச் சூத்திரங்களாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

தாளில் தீர்ந்துவிட்டது. உடம்புக்கு இன்னும் தெரியாமல் இருந்தது. வேகம் ஆளைக் கொல்லும் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். பூமி நம்மையெல்லாம் சூரியனைச் சுற்றி வினாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் தூக்கிக்கொண்டு ஓடுகிறது, டம்ளரில் காபி தளும்புவதில்லை. கொல்வது முடுக்கம். அதில் எவ்வளவு வரை மனிதன் தாங்குவான் என்று பார்க்க அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் ஸ்டாப், ராக்கெட் பூட்டிய தண்டவாளச் சறுக்குவண்டியில் தாமே உட்கார்ந்தார். 1954 டிசம்பர் 10, நியூ மெக்ஸிகோ பாலைவனம். கண் போய்விடலாம் என்பது அவருக்கே தெரியும். அதனால் முன்கூட்டியே விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் சட்டை போட்டுக் கழற்றிப் பழகி வைத்திருந்தார்.

ஐந்து வினாடியில் மணிக்கு 1,017 கிலோமீட்டர். அதுவரை அவருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. பிறகு 1.4 வினாடியில் வண்டி நின்றது. உச்ச கட்டத்தில் புவியீர்ப்பைப் போல 46.2 மடங்கு, 70 கிலோ ஆளுக்கு அந்தக் கணத்தில் 3,200 கிலோவுக்கு மேல். கண்ணில் இரத்தக் குழாய்கள் வெடித்து, கொஞ்ச நேரத்துக்குப் பார்வையே இல்லை. திரும்பி வந்தது. 89 வயது வரை வாழ்ந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்ததும், அடுத்த தடவை மணிக்கு 1,600 கிலோமீட்டர் போய் நின்று பார்க்கலாமே என்று ஆரம்பித்தார். மேலிடம் ஒத்துக்கொள்ளவில்லை.